பன்னிரண்டாயிரம் தோட்டாவின் கணக்கு

1751 நவம்பர் 14 அன்று ஆற்காட்டுக் கோட்டையில் ஆயுதம் ஏந்தும் நிலையில் இருந்தவர்கள் 200 பேர். ஐரோப்பியர் 80, சிப்பாய்கள் 120. விடியற்காலையில் தொடங்கிய தாக்குதல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்தது. அந்த நேரத்துக்குள் அவர்கள் ஐந்து பீரங்கிகளையும் இயக்கிக்கொண்டே 12,000 துப்பாக்கித் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்தார்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனிப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் விட்டுச்சென்ற எண் இது.

வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 60 தோட்டா, நிமிடத்துக்கு ஒன்று. அன்றைய துப்பாக்கியில் ஒரு முறை சுடுவதற்குக் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் இட்டு மூட வேண்டும். மீதியைக் குழலுக்குள் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் நுழைத்து, கம்பியால் இடித்துக் கெட்டித்து, கம்பியை உருவிச் செருகிவிட்டுத் தூக்கிக் குறிபார்க்க வேண்டும். நன்றாகப் பழகியவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவார், ஆனால் அது திடலில், சில நிமிடங்களுக்கு. மதில் இடிந்து கிடக்க, எதிரே ஆயிரக்கணக்கானோர் ஏறிவர, மருந்துப்புகை கண்ணை மறைக்க, பின்னால் நிற்பவர்கள் கெட்டித்துக் கொடுக்க முன்னால் நிற்பவர்கள் வாங்கிச் சுட்டு, ஒரு மணி நேரம் முழுவதும் ஆளுக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற வேகம் குறையாமல் இருப்பது வேறு. பிடியில் கை தடுமாறாதவர்களால் மட்டுமே அது முடியும்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. போர் கண்ட அனுபவத்திலிருந்து வரவில்லை என்பதற்கு அதே ஓர்மின் கணக்கு இருக்கிறது. ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கச் சென்னையிலிருந்து புறப்பட்டபோது அவரோடு ஐரோப்பிய வீரர்கள் 200, சிப்பாய்கள் 300, சிறு பீரங்கிகள் 3, அதிகாரிகள் 8. அந்த எட்டு அதிகாரிகளில் 6 பேர் அதுவரை ஒரு சண்டையையும் கண்டதில்லை. 4 பேர் கும்பெனியின் வணிகப் பிரிவில் பேரேடு எழுதிக்கொண்டிருந்தவர்கள். போரில் தேறியவர்களே போரை வெல்வார்கள் என்ற எண்ணத்துக்கு ஆற்காட்டின் வரவுப் பக்கத்தில் எழுத அதிகம் இல்லை.

*

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள். இந்த ஊரை மையமாக வைத்து 50 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் புதுச்சேரி, பெருமுக்கல், ஆலம்பரை, செஞ்சி, வந்தவாசி எல்லாம் அதற்குள் வந்துவிடும். 1746 முதல் 1761 வரையிலான 15 ஆண்டுகளில் இந்தியா யார் கைக்குப் போகும் என்பதன் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள்ளும் அதன் விளிம்பிலும் தீர்ந்தது. பயிற்சியா அனுபவமா என்ற கேள்விக்கு உலகின் பல போர்க்களங்களிலிருந்து சான்று தேடுகிறார்கள். நம் காலடியிலேயே கிடக்கும் சான்றை எண்களோடு அடுக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எண்களைப் பற்றி முதலில் ஓர் எச்சரிக்கை. அவை பெரும்பாலும் வென்றவர்கள் எழுதியவை. எதிரியின் எண்ணிக்கை எப்போதும் 10,000 என்று முழுசாக வரும். தன் பக்கத்து ஐரோப்பியச் சாவு 63, 757 என்று ஒற்றை இலக்கம் வரை துல்லியமாக வரும். தன் பக்கத்துச் சிப்பாய்ச் சாவு ‘சிலர்’ என்று போய்விடும். தேதியிலும் கவனம் வேண்டும். 1752 வரை ஆங்கிலேயர் நாள்காட்டி பிரெஞ்சுக்காரர் நாள்காட்டியைவிட 11 நாள் பின்தங்கியிருந்தது. அடையாற்றுச் சண்டை ஒரு புத்தகத்தில் அக்டோபர் 24 என்றும் இன்னொன்றில் நவம்பர் 4 என்றும் இருப்பது அதனால்தான்.

அந்த அடையாற்றிலிருந்தே தொடங்கலாம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் தன் மகன் மஃபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். பெரும்பாலும் குதிரைப்படை, 10,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். பாதி மிகை என்றே வைத்துக்கொண்டாலும் 5,000. புதுச்சேரியிலிருந்து வந்த பாரடிஸ் என்ற சுவிஸ் பொறியாளரிடம் இருந்தது 230 முதல் 300 வரை ஐரோப்பியரும் 700 சிப்பாய்களும். பீரங்கி ஒன்றுகூட இல்லை. ஆற்றின் அக்கரையில் நவாப் படை பீரங்கிகளோடு நின்றது. பாரடிஸின் ஆட்கள் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள், கரையேறி ஒரே வீச்சாகச் சுட்டார்கள், துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்தார்கள். சாந்தோம் தெருக்களுக்குள் நெரிசலாகப் பின்வாங்கிய படை அங்கேயே சிதறியது.

தோற்றவர்கள் அனுபவம் இல்லாதவர்களா? அந்தக் குதிரைவீரர்கள் மராட்டியரோடும் பாளையக்காரரோடும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்ட குடும்பங்களில் பிறந்தவர்கள். அனுபவத்தில் பாரடிஸின் சிப்பாய்களைவிடப் பல மடங்கு மேல். ஆனால் அந்த அனுபவம் அவர்களுக்குக் கற்றுத் தந்த எண் தவறானது. பீரங்கி ஒரு முறை வெடித்தால் மறுமுறை வெடிக்கக் கால் மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் வாழ்நாளெல்லாம் கண்ட உண்மை. அதற்குள் குதிரையை விரட்டிப் போய்ப் பீரங்கியைப் பிடித்துவிடலாம். அடையாற்றுக்கு இரண்டு நாள் முன்பு சென்னைக் கோட்டையிலிருந்து வெளியே வந்த 400 பிரெஞ்சு வீரர்களிடம் இருந்த 2 பீரங்கிகளை அப்படித்தான் நெருங்கினார்கள். பழகிய கையில் அந்தப் பீரங்கி நிமிடத்துக்கு ஐந்தாறு முறை வெடிக்கும் என்கிறார் ஓர்ம். கால் மணி நேரத்தில் எதிர்பார்த்த குண்டு 1. அந்த வேகத்தில் வரக்கூடியது 75 முதல் 90. அன்று அவர்கள் தரப்பில் ஏறத்தாழ 70 பேர் விழுந்தார்கள். பிரெஞ்சுத் தரப்பில் ஒருவரும் சாகவில்லை.

நேற்றைய எதிரியிடம் கற்ற அனுபவம் இன்றைய எதிரியிடம் கொலையாளியாக மாறும் என்பதற்கு இந்த 1-க்கு 75 என்ற கணக்கைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

பாரடிஸின் 700 சிப்பாய்கள் திடீரென முளைத்தவர்கள் அல்ல. 1740-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரி ஆளுநர் துய்மா 4,000 முதல் 5,000 வரை உள்ளூர் ஆட்களை எடுத்து ஐரோப்பிய முறையில் கவாத்துப் பழக்கத் தொடங்கினார். ஐந்தாறு ஆண்டு கவாத்துக்குப் பிறகே அடையாறு. உப்பளத்தில் பாத்தியின் களித்தரையை மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவதற்கே வாரங்கள் போகும், உப்பு பிறகுதான் வரும். மரக்காணத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*

ஆங்கிலேயர் இந்தப் பாடத்தை அடையாற்றில் கற்கவில்லை. அவர்கள் அதற்குப் புதுச்சேரியில் விலை கொடுத்தார்கள். கொடுத்த விலையின் பட்டியல் முழுசாக இருக்கிறது.

1748-இல் கடற்படைத் தளபதி போஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட வந்தார். அவரிடம் ஐரோப்பியர் 3,720, தொப்பாசிகள் எனப்பட்ட கலப்பின வீரர்கள் 300, சிப்பாய்கள் 2,000. ஆக 6,020. கோட்டைக்குள் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் ஐரோப்பியர் 1,800, சிப்பாய்கள் 3,000. ஆக 4,800. போஸ்காவன் கடல் சண்டையில் பேர்பெற்றவர். கோட்டையை முற்றுகையிட்டுப் பிடிப்பதில் அவருக்குப் பழக்கம் இல்லை. கோட்டையிலிருந்து 800 கஜத்துக்குள் பதுங்குகுழி தொடங்குவது வழக்கம். அவருடைய ஆட்கள் 1,500 கஜத்தில் தோண்டத் தொடங்கினார்கள். இடமும் தவறு, சதுப்பு நிலம் குறுக்கே கிடந்தது. மழை வந்தது. முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியபோது கணக்கு இது:

காலாள் வீரர் சாவு 757
பீரங்கிப் படையினர் சாவு 43
மாலுமிகள் சாவு 265
மொத்தம் 1,065

குண்டும் நோயும் சேர்ந்த கணக்கு. வந்த ஐரோப்பியரில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் திரும்பவில்லை. உள்ளே இருந்தவர்கள் இழந்தது ஐரோப்பியர் 200, சிப்பாய்கள் 50. வெளியில் நான்கு பேர் செத்தால் உள்ளே ஒருவர். புதுச்சேரித் தெருக்களில் அந்த நாள்களில் நடந்தவற்றை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே 700 கஜத் தவறுக்காகச் செத்தவர்களுக்கு எழுத ஆள் இல்லை.

டூப்ளேக்கும் ஒரு பெரிய இழப்பு உண்டு. அடையாற்றை வென்ற பாரடிஸ், கோட்டையிலிருந்து வெளியேறித் தாக்கியபோது காயம்பட்டுச் செத்தார். 230 ஐரோப்பியரைக் கொண்டு ஆற்றைக் கடக்கும் துணிச்சல் அந்த ஒரு தலைக்குள் இருந்தது. அது அந்தத் தலையோடு போனது. போர் அனுபவத்தின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சேர்க்க ஆண்டுகள் ஆகும், இழக்க ஒரு குண்டு போதும், எழுதிக் கற்றுத் தராவிட்டால் வாரிசும் கிடையாது.

இதே முற்றுகையில் ஆங்கிலேயர் பக்கத்து 2,000 சிப்பாய்களைப் பற்றி ஓர்ம் எழுதியிருப்பது படிக்க வருத்தமானது. முகாமின் ஓரங்களைக் காவல்காத்தார்கள், ஆபத்து நெருங்கியபோதெல்லாம் ஓடினார்கள் என்கிறார். அது 1748. மூன்றே ஆண்டுகளில், 1751-இல், ஆற்காட்டு மதிலில் நின்ற 120 பேர் அதே கடற்கரையின் ஆட்கள், அதே கும்பெனியின் ஆட்கள். தமிழர், தெலுங்கர், தக்காணத்து முஸ்லிம்கள். ரத்தம் மாறவில்லை. இடையில் என்ன மாறியது?

1748 ஜனவரியில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற மேஜர் கும்பெனிப் படைக்குத் தலைவராக வந்து சேர்ந்தார். அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டு, இரு நாட்டு அமைதி உடன்படிக்கைக்குப் பின் விடுபட்டார். காவல்காரர் கூட்டமாக இருந்ததை ஒழுங்கான படையாக்கும் வேலையை அவர் தொடங்கி வைத்தார்: முறையான சம்பளம், ஒரே மாதிரித் துப்பாக்கி, நாள்தோறும் கவாத்து, தங்கள் மொழி பேசும் சுபேதார், ஜமேதார். இதில் நான் மிகவும் மதிக்கும் செய்தி, ஆற்காட்டு முற்றுகை நடந்தபோது லாரன்ஸ் இந்தியாவிலேயே இல்லை என்பது. 1750 இறுதியில் கும்பெனியோடு பிணங்கி இங்கிலாந்து போய்விட்டார், 1752 மார்ச்சில்தான் திரும்பினார். பாரடிஸின் அறிவு அவரோடு செத்தது. லாரன்ஸின் அறிவு அவர் பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும்போதும் 120 பேர் கையில் வேலை செய்தது.

ஆற்காட்டின் முழுக் கணக்கையும் இங்கே முடித்துவிடலாம். முற்றுகை 50 நாள். பிரெஞ்சு ஆதரவோடு முற்றுகையிட்ட ரசா சாகிபு கொண்டுவந்தது ஐரோப்பியர் 150, சிப்பாய்கள் 2,000, குதிரைப்படை 3,000, ஈட்டிக்காரர் முதலிய காலாட்கள் 5,000, கூட்டினால் 10,150. அப்போது கோட்டைக்குள் சண்டைக்குத் தகுதியாக இருந்தவர்கள் 320. ஒருவருக்கு 32 பேர். கடைசித் தாக்குதல் முகரம் விழாவின்போது நடந்தது. நெற்றியில் இரும்புத்தகடு கட்டிய யானைகளை வாயிற்கதவை முட்டவிட்டார்கள். குண்டு பட்டதும் அவை திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடின. தாக்கியவர்களில் செத்தும் காயம்பட்டும் விழுந்தவர்கள் ஏறத்தாழ 400. உள்ளே ஐரோப்பியர் 4 பேர் சாவு, சிப்பாய்கள் 2 பேர் காயம்.

12,000 தோட்டாவை 400-ஆல் வகுத்தால் ஓர் ஆளை வீழ்த்த 30 தோட்டா. பீரங்கி வீழ்த்தியவர்களையும் யானை மிதித்தவர்களையும் கழித்தால் இன்னும் கூடும். குறிபார்த்துச் சுடும் திறமை இந்த வெற்றிக்குக் காரணம் இல்லை என்று இந்த எண் சொல்கிறது. அந்தத் துப்பாக்கிகளின் திறனும் அவ்வளவுதான். அதே நூற்றாண்டில் பிரஷ்யர்கள் நடத்திய சோதனையில், 100 அடி நீளமும் 6 அடி உயரமும் உள்ள பலகையின் மேல் 75 கஜத்தில் பட்ட குண்டு நூற்றுக்கு 60. 150 கஜத்தில் 40. 225 கஜத்தில் 25. எதிரில் ஆளில்லாத திடலிலேயே அப்படி. ஆகவே பயிற்சி கொடுத்தது கண்ணின் கூர்மை அன்று. நிமிடத்துக்கு ஒன்று என்ற தாளத்தை அறுபது நிமிடமும் அறுபடாமல் வைத்திருக்கும் ஒழுங்கு. மதில் தந்த பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரசா சாகிபின் 2,000 சிப்பாய்களும் ஓரளவு கவாத்துப் பழகியவர்களே. மதிலுக்கு வெளியே திறந்தவெளியில் அவர்கள் நின்றார்கள்.

*

செஞ்சிக் கோட்டைக்கு வேறு வகைக் கணக்கு. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 250 ஐரோப்பியரோடும் 1,200 சிப்பாய்களோடும் 4 பீரங்கிகளோடும் முன்னே போனார். மூன்று மலை உச்சிகளும் ஒரே இரவில் கைக்கு வந்தன. இழப்பு ஏறத்தாழ 20 பேர். கோட்டையைப் பிடித்ததன் செலவு இது. வைத்துக்கொண்ட செலவு? பிரெஞ்சுக்காரர்கள் அங்கே எந்த நேரமும் 100-க்கு மேல் ஐரோப்பியரை நிறுத்தியதில்லை. பத்தாண்டுகளில் 1,200 பேரைப் புதைத்தார்கள் என்கிறார் ஓர்ம். பிடிக்க 20, வைத்திருக்க 1,200. ஆண்டுக்கு 120 பேர். நிறுத்தியிருந்த எண்ணிக்கையைவிட அதிகம். காய்ச்சலில் செத்தவர்கள் போர் அனுபவம் பெற்றவர்களாகவே செத்தார்கள். கப்பலில் எட்டு மாதம் பயணம் செய்து வந்து, ஊரைப் பழகி, உணவைப் பழகி, சண்டையைப் பழகிய ஒருவரை அங்கே புதைத்தபோது பிரான்ஸ் இழந்தது அத்தனையையும்.

வந்தவாசிக்கு வருவோம். 1760 ஜனவரி 22.

பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் ஐரோப்பியர் 2,250 (அதில் குதிரைப்படை 300), சிப்பாய்கள் 1,300. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் ஐரோப்பியர் 1,900 (குதிரைப்படை 80), சிப்பாய்கள் 2,100, உள்ளூர்க் குதிரைப்படை 1,250. லாலி 1745-இல் ஃபாண்டனாய்ப் போரில் ஆங்கிலேயரை உடைத்தவர்களில் ஒருவர். அவருடைய லொரேன் ரெஜிமென்ட் ஐரோப்பாவில் பழம்பெருமை கொண்டது. கூட்டின் முன்னணியில் நின்ற அவருடைய சொந்த ரெஜிமென்டோ உருவாகி ஓராண்டு அளவே ஆனது. சென்னையில் வந்து இறங்கி மூன்று மாதம். அதிலிருந்த ஆட்கள் எல்லாரும் புதியவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றாக நின்று கண்ட போர் என்று அந்த ரெஜிமென்டுக்குப் பெரிதாக எதுவும் இல்லை.

லொரேன் வீரர்கள் ஏறத்தாழ 400 பேர், முன்வரிசையில் 12 பேர் மட்டும் நிற்க, நீண்ட பத்தியாக வேகமாக வந்தார்கள். 400-ஐ 12-ஆல் வகுத்தால் 33 வரிசை. முன்னால் சுடக்கூடிய துப்பாக்கி 12. மீதி 388 துப்பாக்கிக்கு முன்னால் தங்கள் தோழர்களின் முதுகு. எதிரில் அகல வரிசையாக நின்ற புதிய ரெஜிமென்ட் 50 கஜம் வரும்வரை சுடவில்லை. எதிரி பாய்ந்து வரும்போது விரலை அடக்கி வைத்திருப்பதைத் திடல்தான் கற்றுத் தர வேண்டும், ஏனென்றால் களத்தில் அதைக் கற்கும் முதல் முறையே கடைசி முறை ஆகிவிடும். சுட்டதும் பத்தி முட்டியது, முட்டிய இடத்தில் வரிசையைச் சாய்த்தது. ஆனால் இரு பக்கமும் எஞ்சி நின்றவர்கள் பத்தியின் விலாவில் பாய்ந்தார்கள். சில நிமிடங்களில் லொரேன் உடைந்தது.

இடப்பக்கத்தில் ஒரு பிரெஞ்சு மருந்துவண்டி வெடித்து 80 பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தது தற்செயல். தற்செயலுக்கும் கணக்கில் ஒரு வரி ஒதுக்க வேண்டும். அதைவிடப் பெரிய வரி சம்பளப் பாக்கி. மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் லாலியின் வீரர்கள் 1759 அக்டோபரில் வெளிப்படையாகவே கலகம் செய்திருந்தார்கள். வந்தவாசிக் களத்தில் அவருடைய சிப்பாய்கள் முன்னேற மறுத்தார்கள். கூலி கொடுக்காதவனுக்காகச் சாக மறுப்பது கோழைத்தனம் என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பயிற்சியும் அனுபவமும் இருந்தும் அவற்றைப் பிடித்து நிறுத்தும் மூன்றாவது கால் இல்லாவிட்டால் படை நிற்காது.

ஆங்கிலேய ஐரோப்பியரில் சாவு 63, காயம் 124. பிரெஞ்சுக்காரர் களத்தில் விட்டுச்சென்ற பிணங்கள் ஏறத்தாழ 200. புஸ்ஸி சிறைப்பட்டார். வெற்றிக்குப் பிறகு சிப்பாய்த் தலைவர்கள் கூட்டிடம் வந்து, இப்படி ஒரு சண்டையைத் தாங்கள் கண்டதில்லை, காட்டியதற்கு நன்றி என்றார்களாம். ஓர்ம் இதைப் பெருமையாக எழுதுகிறார். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன்: அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டே பெருமுக்கலும் ஆலம்பரையும் விழுந்தன; 1761 ஜனவரியில் புதுச்சேரி.

கற்றவர்கள் கும்பெனிப் பக்கத்தில் மட்டும் இல்லை. சிப்பாய்களின் தலைவராக உயர்ந்த யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று அறிந்தவர், அந்தப் பயிற்சியையே கும்பெனிக்கு எதிராகத் திருப்பி மதுரையை வைத்திருந்தார். 1763-இல் அவரை அசைக்க முடியவில்லை. 1764-இல் உள்ளிருந்தே காட்டிக்கொடுத்த பிறகுதான் தூக்கிலிட முடிந்தது. மைசூரின் ஐதர் அலி இளம் தளபதியாக இந்தக் கர்நாடகப் போர்களை நேரில் கண்டவர். கண்டதைப் பயிற்சியாக்கினார், பிரெஞ்சுக்காரரை வைத்துப் படையைப் பழக்கினார்.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் அது அறுவடையானது. கும்பெனியின் கர்னல் பெய்லியிடம் 3,800-ஐ ஒட்டிய படை. கவாத்தில் குறையில்லை. ஐதரும் மகன் திப்புவும் சூழ்ந்தார்கள், மருந்துவண்டிகள் வெடித்தன, படை அழிந்தது. அதிகாரிகள் 86 பேர்: சாவு 36, காயத்தோடு சிறை 34, காயமின்றிச் சிறை 16. கூட்டினால் சரியாக 86, ஒருவரும் தப்பவில்லை. சிப்பாய்களுக்கு இப்படி ஒரு கணக்கு எங்கும் இல்லை. சில மைல் தொலைவில் காஞ்சியில் பெரும்படையோடு இருந்தவர் ஹெக்டர் மன்றோ, 1764-இல் பக்சாரில் வென்றவர். 16 ஆண்டு பழைய வெற்றியின் அனுபவம் அவரிடம் இருந்தது. பெய்லிக்கு உதவப் போய்ச் சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

*

இதற்கு நூறு ஆண்டு கழித்து நம் ஆட்கள் மீது ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், நீண்ட அமைதியால் தெற்கத்திச் சிப்பாய்கள் மென்மையாகிவிட்டார்கள் என்று முடிவுகட்டினார். போர் கண்டிராதவர்கள் என்ற குறை, போருக்கே பிறக்காதவர்கள் என்ற சாதிச்சான்றிதழாக மாறியது. ‘போர்க்குடி’ என்ற பட்டியலில் வடக்கத்தியர் ஏற, தெற்கத்தியர் இறங்கினார்கள். 1758-இல் வேர்கொண்ட, இந்தியாவின் மிகப் பழைய காலாட்படை மரபைச் சேர்ந்த மதராஸ் ரெஜிமென்ட் 1920-களில் ஏறத்தாழ முழுவதும் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் பட்டாலியன்கள் பர்மாவில் சப்பானியரை எதிர்த்துப் போரிட்டன. கலைத்த ஆண்டுக்கும் பர்மாவுக்கும் இடையே இருபது ஆண்டுக்கும் குறைவு. ரத்தம் மாற அந்தக் காலம் போதாது. பயிற்சி கொடுக்கப் போதும். 1748-க்கும் 1751-க்கும் இடையே நடந்தது மறுபடியும் நடந்தது.

நம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு. அதை எழுதக் கை கூசுகிறது. 1987 அக்டோபர் 11-12 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் இந்திய ஹெலிகாப்டர்கள் இறக்கிய 13-ஆம் சீக்கியக் காலாட்படைப் பிரிவினர் 30 பேர். 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். உடன் இறங்கிய கமாண்டோக்களில் 6 பேர் செத்தார்கள். வட இந்தியாவிலிருந்து அப்போதுதான் வந்திறங்கியிருந்த அந்தச் சீக்கியப் பிரிவினர் நன்கு பயிற்சி பெற்றவர்கள். அந்தப் பயிற்சி சமவெளியில் இன்னொரு நாட்டுப் படையைச் சந்திப்பதற்கானது. எதிரில் இருந்த புலிகளில் பலர் 1983-க்குப் பின் இந்திய மண்ணிலேயே பயிற்சி பெற்று, அதன்மேல் நான்கு ஆண்டு சண்டையையும் கண்டவர்கள். மேட்டூருக்கு அருகே கொளத்தூரில் அவர்கள் முகாம் இருந்ததை நம்மில் பலர் அறிவோம். இந்திய அமைதிப்படை அங்கிருந்த ஏறத்தாழ 32 மாதத்தில் இழந்தது 1,100-க்கும் மேற்பட்டோரை. நாளுக்கு ஒருவருக்கு மேல். அதே அக்டோபரில், 21, 22 நாள்களில், யாழ்ப்பாணம் மருத்துவமனையில் கொல்லப்பட்ட நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் 60 பேருக்கு மேல். தவறான போருக்குப் பழக்கப்பட்ட படையை அவசரத்தில் இறக்கினால் அதன் விலையைப் படை மட்டும் கொடுப்பதில்லை.

இந்தியாவிடம் அந்த வகைப் போரின் அனுபவமே இல்லாமலில்லை. நாகாலாந்திலும் மிசோரமிலும் பல பட்டாலியன்கள் அதைக் கண்டிருந்தன. மிசோரமின் வைரெங்தேயில் அதற்கென்று பள்ளியும் இருந்தது. அந்த அனுபவம் யாழ்ப்பாணத்தில் இறங்கிய 30 பேர் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே. பிறகு காஷ்மீரில், புதிதாக வரும் பட்டாலியனைக் களத்துக்கு அனுப்பும் முன் சில வாரம் தனிப்பயிற்சிக்கு உட்படுத்தும் போர்ப்பள்ளிகள் வழக்கமாயின. முன்னே செத்தவர்கள் கண்டதை அடுத்து வருபவர்கள் உயிரோடு கற்கும் இடம் அது.

இனி இன்றைய ரூபாய்க் கணக்கு. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் ஓர் அக்னிவீரரின் முதலாண்டு மாதச் சம்பளம் 30,000. பிறகு 33,000, 36,500, 40,000. நான்காண்டுக்கும் சேர்த்து 16,74,000 ரூபாய். அதில் நூற்றுக்கு 30 பிடித்து, அரசும் அதே தொகை போட்டு, முடிவில் கையில் கொடுப்பது 10.04 லட்சமும் வட்டியும். பயிற்சி ஏறத்தாழ 6 மாதம். அந்தக் காலச் சம்பளம் 1,80,000. உணவு, தோட்டா, பயிற்றுநர் செலவு தனி. பணியின்போது செத்தால் காப்பீடு 48 லட்சம், கருணைத்தொகை 44 லட்சம். ஆக 92 லட்சம், அதன்மேல் மீதிக்காலச் சம்பளம் முதலியவை. 92 லட்சத்தை 1.8 லட்சத்தால் வகுத்தால் 51. ஒரு சாவுக்கு அரசு எடுத்துவைக்கும் பணத்தில் 51 பேரின் பயிற்சிக்காலச் சம்பளத்தைக் கொடுத்துவிடலாம். வீட்டுக்கு வரும் பெட்டியின் மதிப்பை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, சேர்க்க முடியாது. ஆகவே பயிற்சிக் காலத்தில் வாரங்களைக் குறைத்து மிச்சம் பிடிப்பதாக யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் அதிகாரிக்கு 49 வாரம். அவரோடு களத்தில் நிற்கும் வீரருக்கு ஏன் அதில் பாதியை ஒட்டியே என்று கேட்க விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஆள்சேர்ப்புக்குப் போகும் ஒவ்வொரு பையனின் தாய்க்கும் உரிமை உண்டு.

அந்தத் திட்டத்தின் இன்னொரு எண், நூற்றுக்கு 25. நான்காண்டு முடிந்ததும் அதற்கு மேல் நிரந்தரப் பணிக்கு எடுப்பதில்லை. முதல் ஆண்டு அறிவித்த இடங்கள் 46,000. நூற்றுக்கு 75 பேர் வீடு திரும்பினால் 34,500 பேர். எல்லையில் குளிர்காலம் கழித்தவர்களும் துப்பாக்கிச் சத்தம் கேட்டவர்களும் அதில் இருப்பார்கள். படையின் பயிற்சி மையங்களில் கற்பிப்பவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டு பணி கண்ட நாயக்குகளும் ஹவில்தார்களும். ஆற்காட்டு 120 பேருக்குப் பின்னால் நின்ற சுபேதார், ஜமேதார்களின் வழி வந்தவர்கள் அவர்களே. 2023-இல் பயிற்சிக்குப் போன முதல் அணியின் நான்காண்டு 2026 இறுதியை ஒட்டி முடியும். தக்கவைக்கப்படும் 11,500 பேரில் எத்தனை பேரைக் கற்பிக்கும் வேலைக்கு வளர்க்கப் போகிறார்கள் என்ற எண்ணைப் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட வேண்டும். ஆள்சேர்ப்பு எண்ணைவிட அது முக்கியமானது.